கொட்டகை மேல் கொன்னை

கலீமுல்லா: பட்டுப்போன மரம்னு தெரிஞ்சும் வாத்தியாரு வெட்டாம வச்சிருந்தாரு. எழுதிக்குங்க ஏஜென்ட் சார்! ஆம்பூர்ல மூணு டேனரி வச்சிருக்கிற கலீமுல்லா சொல்றேன், எழுதிக்குங்க.

லோகநாதன்: எங்க கம்பெனியில ஒரு டேனரிக்குத்தான் இன்ஷூரன்சு சாயபு. அதை மட்டும் எழுதிக்கறேன்.

கலீமுல்லா: இன்னா கோதண்டராமன் வாத்தியாரே, தலையக் குனிஞ்சிக்கிட்டே இருந்தா எப்படி? உங்க கொன்னை மரம், நேத்துக் காத்துல சுவரைத் தாண்டி என் தோல் கொட்டகை மேல படுத்துக்கிச்சி. கூரை பூரா நாசம்.

கோதண்டராமன்: மரம் என்துதான் சாயபு... இல்லேங்கலே.

லோகநாதன்: பொறுங்க. பச்சை மரம் காத்துல சாஞ்சிருந்தா யார் குத்தமும் இல்லே, கம்பெனி குடுக்கும். பட்டதைத் தெரிஞ்சே விட்டு வச்சிருந்தா மரத்துக்காரர்தான் பொறுப்பு. எது வாத்தியாரே?

கோதண்டராமன்: ...பட்ட மரந்தான். சித்திரையில ஒரு பூ பூக்கலே.

கலீமுல்லா: கேட்டீங்களா! எங்க வம்சத்துல உண்மையத் தவிர வேற பேசினதில்லே.

லோகநாதன்: இப்போ உண்மை பேசினது வாத்தியாரு, சாயபு... கொட்டகைய நீங்கதான் கட்டிக் குடுக்கணும், வாத்தியாரே. முடியுமா?

கோதண்டராமன்: வீட்டை வித்தாத்தான்... மூணு பொண்ணுங்க இருக்கு...

கலீமுல்லா: அதை மரம் விழறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!

லோகநாதன்: வீட்டு வரி ரசீது கொண்டாந்தீங்களா? ...அட, ரசீது வச்சிருக்கற தோல் பை ஜோரா இருக்கே! எங்கே வாங்கினது?

கோதண்டராமன்: ...குடுத்தாங்க.

கலீமுல்லா: பை கதை இப்போ இன்னாத்துக்கு? கையெழுத்து வாங்குங்க.

லோகநாதன்: ஒரே ஒரு கேள்வி. மரம் ஏன் பட்டுப்போச்சி?

கலீமுல்லா: வயசாச்சி! மரத்துக்கு வயசாகாதா?

லோகநாதன்: காலையில போய்ப் பாத்தேன். அடியிலிருந்து ஆள் உசரத்துக்கு, சுத்திலும் பட்டையே இல்லே.

கலீமுல்லா: ஆடு கடிச்சிருக்கும்.

லோகநாதன்: ஆள் உசர ஆடா? கத்தித் தடம் வேற இருக்கு சாயபு. ஆடு கத்தியும் வச்சிருந்திச்சா? கொன்னைப் பட்டை தோல் ஊற வைக்கத்தான் ஆவும். வாத்தியாரு வீட்டுல தோல் தொட்டி ஏதாவது...

கலீமுல்லா: விடுங்க சார். பச்சை மரம்னே எழுதிக்குங்க. ஆண்டவன் அனுப்பின காத்து. வாத்தியாரு பாவம், பொண்ணுங்களைப் பெத்தவரு.

லோகநாதன்: இப்பத்தானே பட்ட மரம்னு எழுதச் சொன்னீங்க? மையி கூட காயலே.

கலீமுல்லா: பேஜார் பண்ணாதீங்க... போன கார்த்திகையில, மழை. பட்டை வண்டி பத்து நாளா வரலே. தொட்டியில தோலு அழுவிப் போவுது. நான்தான் ஆளுங்களைச் சுவரேறச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் உரிங்கடான்னேன்... சுத்தி உரிச்சிட்டானுங்க, மரம் பட்டுப்போச்சி. மாஃப் பண்ணுங்க, மன்னிச்சிக்குங்க வாத்தியாரே. உங்களுக்குத் தெரியாம...

கோதண்டராமன்: தெரியும் சாயபு.

கலீமுல்லா: இன்னா?

லோகநாதன்: தெரிஞ்சுமா வீட்டை விக்கறேன்னு உக்காந்திருந்தீங்க? ஏன் வாயத் திறக்கலே?

கோதண்டராமன்: ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேட்டுடணும்னு சட்டைய மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். சாயபு ஆளு இந்தப் பையோட நின்னான்... வாங்கிக்கிட்டு உள்ளே போய்ட்டேன்.