நாலாம் நம்பர் ரீடு

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சிவசுப்பிரமணியன் அவர்களே! மேடையில் இருக்கும் சங்க நிர்வாகிகளே! பிழைப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் பேண்டு வாத்தியத் தோழர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சம்பூர்ணம் அண்ணி அவர்களே! பெரம்பலூர், அரியலூர் மாவட்ட பேண்டுக் கலைஞர்கள் சங்கத்தின் செயலாளர், டிரம் வீரமணி உங்களை வணங்குகிறேன்.

எழுதிக்கொண்டு வந்த பேச்சைப் பைக்குள் வைத்துவிட்டேன். அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை.

குரும்பலூர் தந்த கிளாரினெட் மாமணி, அண்ணன் உத்திராபதி! இருபத்தாறு வருடம் அவருக்குப் பின்னால் நடந்து டிரம் அடித்தவன் நான். கல்யாணமா, காதுகுத்தா, ஏலாக்குறிச்சி மாதா தேரா? அண்ணன் வாசிப்பார் என்றால்தான் ஊரில் தேதியே குறிப்பார்கள். அந்த மனிதர் போய்ப் பதினாறு நாள் ஆகிறது.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினீர்கள். மூன்று பேரும் ஒன்றையே சொன்னீர்கள். "அடம் பிடிச்சு இழுவையான கிளாரினெட்ட வாங்கி, அதுல ஊதி ஊதியே நெஞ்சக் கெடுத்துக்கிட்டாரு" என்றீர்கள். ஊர் முழுக்க இதே பேச்சுத்தான். அது பொய், தோழர்களே! அந்தப் பொய் பிறந்த இடம் நான்.

போன வருடம் சங்கத்தின் சார்பில் உயர்ந்த ரகக் கிளாரினெட் ஒன்றை அண்ணனுக்கு வழங்கத் தீர்மானித்தோம். அவரும் நானும் திருச்சிக்குப் போனோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே கருமரம். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவது, லேசாக ஊதினாலே பளிச்சென்று பேசியது. இரண்டாவது இழுவை, மூச்சை எதிர்த்து நின்றது. தள்ளி ஊதினால்தான் வழிவிட்டது. ஆனால் வந்த நாதம் அடர்த்தியாக வந்தது.

முதலாவதை வாங்கலாம் என்றேன். அண்ணன் இரண்டையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். "ஏசி ரூமுல எல்லாம் நல்லாத்தான் கேக்கும். நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லு. கேட்டா கையத் தூக்கு" என்றார்.

போய் நின்றேன். நடுவில் பஸ் போகிறது, லாரி போகிறது. முதலாவதை ஊதினார். மேல் சுரத்தில் கீச்சென்று மெலிந்து, ஹாரன் சத்தத்தில் காணாமல் போய்விட்டது. இரண்டாவதை ஊதினார். அத்தனை இரைச்சலையும் தாண்டி சுரம் என்னிடம் வந்தது. கையைத் தூக்கினேன். ஆமாம் தோழர்களே, தூக்கிய கை இந்தக் கைதான்!

"பாத்தியா வீரமணி? எதுத்து நிக்கிதுல்ல, அதுலதான் சொரம் நிக்கும். இதையே கட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

நான் முதலாவதைக் கட்டச் சொன்னேன்.

ஏன் செய்தேன்? இளவயதில் சுண்ணாம்புக்கல் குவாரியில் தூசி தின்ற நெஞ்சு அவருடையது. மூச்சைச் சிரமப்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் நான். பயந்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்கு வந்ததும், அண்ணன் அடம் பிடித்துக் கேட்ட இழுவையானதையே வாங்கினோம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நேற்று, அவர் படத்துக்குப் பக்கத்தில் வைப்பதற்காகக் கிளாரினெட் பெட்டியைத் திறந்தோம். நம் செட்டில் அண்ணனுக்குத் துணையாகக் கிளாரினெட் வாசிக்கும் மணிமொழி, ரீடு டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், எல்லாம் நாலாம் நம்பரா இருக்கு?" என்றாள். அண்ணன் காலமெல்லாம் வைத்து வாசித்தது இரண்டரை. நம்பர் ஏற ஏற, வாயில் வைத்து ஊதும் அந்த நாணல் சீவல் தடிக்கும், மூச்சு அதிகம் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். கிளாரினெட்டில் இல்லாத எதிர்ப்பை அவர் ரீடில் ஏற்றியிருக்கிறார்! நான் மிச்சப்படுத்த நினைத்த மூச்சை, அதைவிடக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். அதனால்தான் போனாரா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் நான் சாக வேண்டும்.

அண்ணி, என்னை மன்னியுங்கள் என்று கேட்க...

என்ன அண்ணி? உட்காருங்கள், உட்கார்ந்தே சொல்லுங்கள்.

...

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அண்ணி சொன்னதை அப்படியே மைக்கில் சொல்கிறேன். "மொத நாளு ஊதிப் பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சிபோச்சு தம்பி. வீரமணி மாத்திப்புட்டான், என் நெஞ்ச நெனச்சுப் பயந்து செஞ்சிருக்கான், நீ கேட்டுறாத, அவனே வந்து சொல்லுவான்னாரு. ஒரு வருசமா ஒங்க வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு."

தண்ணீர் வேண்டாம் தலைவரே. முடித்துவிடுகிறேன்.

செயலாளர் பொறுப்பை இந்த மேடையிலேயே விட்டுவிடுகிறேன். டிரம்மை விடமாட்டேன். ஏலாக்குறிச்சித் தேருக்கு அண்ணன் இடத்தில் மணிமொழி வாசிப்பாள். அவளுக்கான கிளாரினெட்டை அவளே ஊதிப் பார்த்து எடுப்பாள். இழுவையோ லேசோ, அவள் மூச்சு, அவள் முடிவு. அன்றைக்கும் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பேன். கேட்டால் கையைத் தூக்குவேன். தூக்கிய கைக்கு மாறாக நடக்கமாட்டேன். இது உங்கள் முன்னால் நான் செய்யும் சத்தியம்.

அண்ணே, ஒரு வருடம் கழித்து வந்து சொல்லிவிட்டேன். கேட்கிறதா அண்ணே?