ஒரே தாளில் அடங்கிய திட்டம்

முட்டை அவிப்பதற்குக்கூட ஏழு வரியில் திட்டம் எழுதுகிறவன் நான், ஐயா. என் மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஏழாவது வரி, 'ஓட்டை உரிக்கவும்'.

எங்கள் சோயா சாற்று ஆலையில் பழைய ஊறல் தொட்டிகளைக் கழுவிப் புதுப்பூச்சு பூச வேண்டும். நான் எழுதிய திட்டம் முப்பத்தொரு பக்கம். பிரிவுத் தலைவர் கனெமிட்சு கூட்டத்தில் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"ஏம்ப்பா டோகுமாரு, மூச்சு எப்ப விடணும்னு எத்தனாவது பக்கத்துல போட்டிருக்கே?"

அறையே சிரித்தது. பத்தொன்பது வருடமாக எனக்குப் பழகிய சிரிப்புதான்.

"திங்கக்கிழமைக்குள்ள ஒரே தாள்ல வரணும். தெரிஞ்சவனுக்கு எதுக்கு இவ்ளோ?"

நியாயமான கேள்வி. எதை விடலாம், எதை வைக்கலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். எங்கள் ஆலையில் தாளின் ஒவ்வொரு வரியையும் விரல் நீட்டிக் காட்டி, "சரி" என்று உரக்கச் சொன்ன பிறகே வேலை தொடங்கும். தாளில் இல்லாததை யாரும் தேடுவதில்லை.

தேநீர் இடைவேளையை வைத்தேன். கையுறையின் அளவை வைத்தேன். 'இறங்குமுன் தொட்டிக்குள் காற்றை அளக்கவும்' என்ற வரியை எடுத்தேன். அடியில் தங்கிய மண்டி காற்றைத் தின்றுவிடும் என்பது தெரிந்தவருக்குத் தெரியும் அல்லவா.

"இப்பத்தான் மனுசன் எழுதின மாதிரி இருக்கு" என்று கனெமிட்சு முத்திரை குத்தினார். பக்கத்தில் என் முத்திரையை, அவருடையதற்குத் தலைவணங்குவதுபோல் சற்றே சாய்த்துக் குத்தினேன்.

எந்தத் தொட்டியிலும் முதலில் இறங்குவது அவர்தான். அதில் அவருக்கொரு பெருமை. தாளின் பதினான்கு வரிகளையும் சுட்டி முடித்து ஏணியில் இறங்கினார். பாதியில் கை நழுவியது. பெரிய சத்தம்கூட இல்லை.

எங்கள் குழுவின் இளைய தொழிலாளி சகுமா பின்னாலேயே பாய்ந்தான். நல்லவன், போன மாதம்தான் அப்பாவானான். இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கண்ணே, தலைவர் கீழ கெடக்காரு."

"போகாதடா. உள்ள காத்து இல்ல."

கனெமிட்சுவை மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. ஆனால் சகுமா இருக்கிறான். நான் ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காற்று இல்லையென்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். காலையில், தேநீருக்கு முன்பே அளந்துவிட்டேன், ஐயா. அளந்ததை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.