குப்பத்து ரேடியோவில் பாயின் மகள்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ரேடியோ மெக்கானிக், பக்கத்திலிருந்த கடைக்கார பாயிடம் சொன்னார்:

"உங்க பொண்ணு அழுவறது குப்பத்து ரேடியோல கேக்குது பாய்."

பஸ்ஸில் சொல்கிற விஷயமா இது.

"இன்னாபா சொல்றே?"

"சிங்கப்பூர்லேர்ந்து வந்த வயரில்லா போன்ல பேசுதுல்ல, அந்த அலை ரேடியோலயும் விழுது. பார்த்த மாப்ள வேணாம்னு சிநேகிதிகிட்ட சொல்லுது."

பாய் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குப்பம் பூராவா?"

"போனுக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. அலைய உண்டாக்குற கிரிஸ்டலோட துடிப்ப எத்தினியா வகுக்கணும்னு அதுக்கு சொல்லிவெச்சிருக்காங்க. அந்தக் கணக்க மாத்திட்டா அலைவரிசை மாறிடும், ரேடியோல வராது. மாத்திடட்டா?"

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"எங்கிட்ட அந்த மாப்ளைக்கு சரின்னுதான் சொன்னா. மாத்தாதே. எனக்கு ஒரு ரேடியோ குடு."