ஆலமரச் சுவரின் வாசனை

அவைத் தலைவர் வக்கீல் சுவாமிநாதய்யர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! சங்கத்துச் சித்திரக்காரர்களே! அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி ஷரீஃப்! எல்லோருக்கும் இந்த பீர் முஹம்மதுவின் வணக்கம்.

நான் தாமதமாக வந்தேன். காரணத்தைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன், ஓரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்த ஜன்னல்களைத் திறங்கள். சாரல் அடிக்கும், படம் நனையும் என்று தயங்குகிறீர்கள். நனையட்டும், திறங்கள்.

சித்திரக் கலைஞர் ஷஃபியுல்லா சாகிப்! நம் கண்காட்சிக்கு அவர் செய்யாத வேலை உண்டா? எல்லோருடைய படங்களையும் கைவண்டியில் ஏற்றி, ஜமுக்காளம் போர்த்தி, திருவல்லிக்கேணியிலிருந்து மைலாப்பூர் வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு வருவார். வெளிச்சம் விழுகிற சுவரெல்லாம் மற்றவர்களுக்கு. மாடிப்படிக்குக் கீழே இருட்டு மூலை அவருக்கு. நம் சங்கத்துக் கோமளம் அம்மாளின் படத்துக்குச் சட்டம் இல்லையென்றதும், தன் படத்தின் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். வர்ணம் மட்டும் தீட்டினால் அவருக்கு மனம் நிறையாது. சணல், கிழிந்த பட்டு, காய்ந்த சருகு, டிராம் டிக்கெட் எல்லாவற்றையும் ஒட்டி, அதன்மேல்தான் தீட்டுவார். குப்பை ஒட்டுகிறார் என்று பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இந்த வருஷம் அய்யர் அவர்கள் பெரிய மனசு பண்ணித் தம் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரை முழுசாக அவருக்குக் கொடுத்தார். என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறதே அடையாற்று ஆலமரம், அது இங்கேயே பிறந்தது. இலை இலையாகக் காகிதம் வெட்டி, கோதுமை மாவுப் பசையில் சுவரிலேயே ஒட்டி, கடையில் வாங்கிய பச்சைப் பொடியைத் தானே அரைத்துப் பூசினார். ஐப்பசி அடைமழை. ஈரக்காற்று பட்டால் பசை பிடிக்காது என்று ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வேலை செய்தார். சுவர் காயவே இல்லை.

அப்போதுதான் கூடத்தில் பூண்டு வாசனை வர ஆரம்பித்தது.

பூண்டு நுழையாத வீடு இது. வீட்டு அம்மாள் காமாக்ஷி நல்ல மனுஷி, கோபித்துக்கொள்ளவில்லை. கோமளம் அம்மாளைக் கூப்பிட்டு, “நம்மாத்துல பூண்டு வாங்கறதே இல்லை. அவர் சாப்பிடறதைத் தப்பு சொல்லலை. இங்கே வச்சுண்டு சாப்பிட வேண்டாம்னு நாசூக்கா சொல்லிடு” என்றார்களாம். பாய் சாப்பாட்டில் பூண்டு இருக்கும், வேறென்ன? விஷயம் அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஷஃபியுல்லா என்னிடம் வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. “பீர் பாய், நோன்பு வச்சிக்கினுதான் வேலை செய்றேன். பகல்ல பச்சத் தண்ணிகூட தொட்றதில்ல. பூண்டு வாசனை வர்துன்றாங்கோ. எனக்கும் வர்து பாய். எங்கேருந்து வர்துன்னுதான் தெரில.”

ஆமாம் சகோதரர்களே, அது ரம்ஜான் மாசம்! நோன்பு வைத்த வாயிலிருந்தா பூண்டு வாசனை? நான் சங்கத்தில் கேட்டேன். விடிவதற்கு முன்னால் சாப்பிட்டிருப்பார், அது சாயங்காலம் வரை வீசும் என்று பதில் வந்தது. கையோடு ஒரு பதில் இருக்கும்போது யார் சுவரை முகர்ந்து பார்ப்பார்கள்?

அவருக்குத் தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. விரல் மரத்துப் போனது. குடித்த கஞ்சி தங்கவில்லை. நோன்பின் பலவீனம் என்றார்கள். பெருநாள் தொழுகைக்கு அவரால் எழுந்து வர முடியவில்லை. அதற்கடுத்த வாரம் நாம் அவரை அடக்கம் செய்தோம்.

அடக்கம் செய்து திரும்பி இந்தக் கூடத்துக்குள் வந்தேன். வாசனை அப்படியே இருந்தது! ஐயா, செத்துப்போனவரா பூண்டு சாப்பிடுகிறார்?

மரத்திலிருந்து ஒரே ஓர் இலையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, காலேஜில் ரசாயனம் கற்பிக்கும் இனாயத்திடம் போனேன். சோதித்துப் பார்த்து இன்றைக்குத்தான் சொன்னார். அதற்காகக் காத்திருந்துதான் தாமதமானேன். இந்தப் பச்சை, பாஷாணம் கலந்த பச்சை. கொசுப் புழு சாகட்டும் என்று குட்டைகளில் தூவுகிறார்களே, அதே சரக்கு. அரைக்கும்போது பறக்கிற தூளே ஆளைத் தின்னும். ஈரச் சுவரில் பசை பூஞ்சை பிடித்தால் அதிலிருந்து ஆவி கிளம்புமாம். அந்த ஆவிக்குப் பூண்டு வாடைதானாம். இதைச் சொல்லிவிட்டு இனாயத் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தக் கூடத்துல யாராவது படுக்கிறாங்களா?”

படுக்கிறார்கள். மாடி ஒழுகுகிறதென்று காமாக்ஷி அம்மாள் இந்த மரத்தடியில்தான் பாய் போட்டுப் படுக்கிறார்கள். இன்று ஏன் அவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை? தலைவலி, வாந்தி என்று சற்றுமுன் அய்யர் அவர்களே சொன்னார்.

தலைவர் அவர்களே! இந்த ஆலமரத்தை ஷஃபியுல்லாவின் ஞாபகச் சின்னமாக இங்கேயே என்றைக்கும் வைத்துக் காப்பதாக அறிவித்தீர்கள். கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. தம்பி ஷரீஃப், சொல்லவே என் நாக்கு கூசுகிறது. உன் அண்ணன் செய்ததில் இதுதான் தலைசிறந்தது. இதைச் சுவரோடு கொத்தி எடுத்துக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

கண்காட்சி நிற்காது. வேறு இடம் பார்த்து, அவர் தள்ளிய கைவண்டியை நானே தள்ளுவேன். இது என் சத்தியம். அங்கே நல்ல வெளிச்சம் விழுகிற சுவர் ஒன்றைக் காலியாக விட்டு, அவர் பெயரை மட்டும் எழுதி வைப்போம். அதே கடையில் அதே பச்சையை வாங்கியவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம். வீட்டுக்குப் போனதும் உங்கள் சுவரை முகர்ந்து பாருங்கள்.

அடுத்தபடியாக ஒரு நிமிஷ மௌனம். அதை இங்கே வேண்டாம், வாசலில் நிற்போம். மழைதான், நனைவோம். அய்யர் அவர்களே, நீங்கள் முதலில் உள்ளே போய் அம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்து வாருங்கள். காற்று இந்தச் சுவரிலிருந்து உங்கள் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. வாசனை இப்போது உங்கள் எல்லோருக்கும் வருகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இங்கே யாரும் எதுவும் சாப்பிடவில்லை. எழுந்திருங்கள்.