எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர்

கீபோர்டில் டீ கொட்டிவிட்டால் பதறக் கூடாது, ஐயா. கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு, கீபோர்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துவைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். வெயிலில் வைத்தால் கட்டைகள் நெளிந்துபோகும். உங்கள் ஸ்டேஷனுக்கும் அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் வருகிறது என்று ஏட்டையா சொன்னார், அதனால் சொல்லிவைக்கிறேன்.

நான் வந்த காரியம் வேறு. ராபர்ட் செத்த கேஸை மூடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய கம்ப்யூட்டரில் மின்கசிவு என்று ஃபைலில் எழுதியிருக்கிறதாம். அது தப்பு. ஒன்பது வருஷம் நான் புழங்கிய மெஷின் அது. அதில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறை வைத்தவன் நான். அதைத் திருத்திக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வத்திராயிருப்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன்.

ஞானதுரை முதலாளியின் கைடு கம்பெனியில் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகம் அடிக்கிறவன் நான். 1986-இல் அந்த மெஷினை அட்டைப்பெட்டியிலிருந்து தூக்கி மேஜையில் வைத்ததே இந்தக் கைதான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த ஏ.சி. அறை அப்படி. அங்கே இரண்டே சட்டம். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வர வேண்டும், தூசி ஆகாது. சேவ் பண்ணாமல் யாரும் மெயின் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. புரூஃப் பார்க்கும் பரிபூரணம் ஒருநாள் ஃபேனில் புகை வருகிறது என்று மெயினை அணைத்துவிட்டாள். பதினான்கு பக்கம் போயிற்று. ஸ்டீல் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து அவள் மணிக்கட்டில் நாலு போட்டேன். எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சுவிட்ச் பக்கமே போனதில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அது எனக்குப் பொருந்தாது. நான் எண்ணித்தான் அடித்தேன்.

எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் எலிகள் கேபிளைக் கடித்துத் தொலைத்தன. விஷம் வைத்துப் பார்த்தேன், தின்னவில்லை. கடைசியில் ஒரு தகரத்தில் கரண்ட் கொடுத்துவைத்தேன். கரண்டில் மாட்டிய எலி ஓடாது, ஐயா. ஒட்டிக்கொள்ளும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. ஈரத் தரையில் கால் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதை அப்போதுதான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ராபர்ட் தைப்பொங்கல் முடிந்து வந்தான். இராஜபாளையத்துப் பையன், இருபத்தாறு வயசு. பேண்டேஜ் துணி மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்தவன். முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, விண்டோஸ் போட்டு, அதில் சமன்பாடு அடிப்பதற்கென்றே ஒரு எடிட்டரையும் ஏற்றி, அவனை அதன் முன்னால் உட்காரவைத்தார். எந்த மெஷினில் இனிக் கைடு அடிப்பது என்று பார்க்க ஒரு போட்டி வைத்தார். ஒரே பக்கம், பதினோரு சமன்பாடு.

என்னுடைய பழைய சாஃப்ட்வேரில் அடுக்கு போட வேண்டுமென்றால் அரை வரி மேலே ஏற வேண்டும், எண்ணை அடிக்க வேண்டும், அரை வரி இறங்க வேண்டும். இன்டக்ரல் குறியைத் தலை, இடுப்பு, கால் என்று மூன்று துண்டாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டும். திரையைப் பார்க்காமலே அடிப்பேன். அவனுடையதில் மவுசால் ஒரு படத்தைத் தொட்டால் காலிக் கட்டங்கள் வந்து நிற்கும், அதில் எண்ணை நிரப்ப வேண்டியதுதான். நான் பத்தொன்பது நிமிஷத்தில் முடித்தேன். அவனுக்கு முப்பத்தொன்று ஆயிற்று.

அதோடு விட்டிருந்தால் ராபர்ட் இன்றைக்கும் இருந்திருப்பான். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தவசி, அந்த மூணாவது கணக்குல மேல ஒரு உறுப்பு விட்டுப்போச்சுல்லா, அத நடுவுல சேத்துரு. ராபர்ட், நீயும் சேரு" என்றார்.

என் பக்கத்தில் ஒன்றைச் செருகினால் எல்லாம் நகரும். பின்னக்கோட்டை நீட்டி, கீழே உள்ளதை நடுவுக்குத் தள்ளி, இன்டக்ரலின் மூன்று துண்டையும் கைப்பிடித்து இழுத்துவர ஏழு நிமிஷம் ஆயிற்று. அவன் உள்ளே ஒரு எண்ணை அடித்தான். கோடு தானாக நீண்டுகொண்டது. முதலாளி கைதட்டினார், ஐயா. ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு தடவை கைதட்டியதில்லை. இனி நான் புரூஃப் பார்த்தால் போதும் என்றும், பரிபூரணத்தின் பக்கத்து ஸ்டூலில் உட்காரலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அப்போதும் நான் நிதானமாகத்தான் இருந்தேன். அடுத்த வாரம் அவன் அடித்த நாற்பது பக்கமும் அச்சில் கட்டங்கட்டமாக வந்தது. ஒரு குறிகூடத் தெரியவில்லை. முதலாளி அவனைக் கண்டபடி ஏசினார். அவன் கேபிளைப் பார்த்தான், பிரிண்டரைப் பார்த்தான், பிறகு ஃபாண்ட் இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தான். குறிகளுக்கான ஃபாண்ட் அங்கே இல்லை. ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றினான். பத்து நிமிஷத்தில் நாற்பது பக்கமும் சுத்தமாக வந்துவிட்டது. நல்ல வேலைக்காரன்தான், அதை நான் மறைக்க மாட்டேன்.

மத்தியானம் தனியாக வந்து என்னிடம் மெல்லச் சொன்னான். "அண்ணாச்சி, ஃபாண்ட் தன்னால அழியாது. யாரு அழிச்சான்னு எனக்குத் தெரியும். மொதலாளிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஒரு வாரம் எம்பக்கத்துல உக்காருங்க. எம்புட்டு தெரியுமோ அம்புட்டையும் சொல்லித் தாரேன். ஒங்க கை வேகத்துக்கு என்னையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுருவிய."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். காட்டிக்கொடுத்திருந்தாலும் சரி என்றிருப்பேன். அவன் என்மேல் இரக்கப்பட்டான். பேசிக்கொண்டே இரும்பு பீரோ இழுப்பறையின் விளிம்பில் கை வைத்திருந்தான். நான் இழுப்பறையை இடுப்பால் ஓங்கி இடித்துச் சாத்தினேன். இரண்டு விரல் நகம் பெயர்ந்து தொங்கியது. ரத்தம் ஃப்ளாப்பி மேல் சொட்டாமல் நான்தான் நகர்த்திவைத்தேன். முதலாளி கேட்டபோது அவன், "நாந்தான் கவனமில்லாமச் சாத்திட்டேன்" என்றான். திரும்பவும் இரக்கம். அன்றைக்குத்தான் இவனைக் கொஞ்சம் பயமுறுத்திவைக்க வேண்டும் என்று தோன்றியது. பயமுறுத்தத்தான், ஐயா.

செவ்வாய்க்கிழமை என் மெஷினில் இருக்கிற கைடு எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் நகல் எடுத்து அவன் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. அதோடு என் மெஷினை ஓரங்கட்டிவிடுவார்கள். அதன் ஃப்ளாப்பி டிரைவ் இறுக்கமானது. இரும்புப் பெட்டியை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் தள்ளினால்தான் ஃப்ளாப்பி உள்ளே போகும். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். காலையில் சீக்கிரமே போய் எர்த் வயரை எடுத்துவிட்டேன். கரண்டைப் பெட்டிக்கு எப்படிக் கொண்டுவந்தேன் என்பதை எலெக்ட்ரீசியன் பால்பாண்டி பிளக்கைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துகொள்வான். நீங்கள் யாரும் பிரிக்கவே இல்லை. பழசு என்றதும் கசிவு என்று எழுதிவிட்டீர்கள். பிரிண்டர் கேபிளை முன்னாலேயே உருவிவைத்தேன், அது கெட்டுப்போகக் கூடாது என்று. தரை துடைக்கிற அய்யம்மாளிடம், "இந்தப் பக்கம் இன்னொருக்கா நல்லாத் தண்ணிவிட்டுத் துடைட்டி" என்றேன்.

அன்றைக்கு நீங்கள் வந்தபோது என் காலைப் பார்த்திருக்க வேண்டும். எந்தக் கோளாறு என்றாலும் கண்ணில் படுவதை முதலில் பார்க்க வேண்டும், பொறவுதான் உள்ளே திறக்க வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த அறைக்குள் ஒருத்தரையும் செருப்போடு விடாதவன், அன்றைக்கு ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அய்யம்மாள் பார்த்தாள்.

பத்து மணிக்கு ராபர்ட் வந்தான். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவைத்தான். நான் மெஷினை ஏற்கெனவே போட்டு, சாஃப்ட்வேரைத் திறந்து, கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கட்டை பிளாஸ்டிக், காலில் ரப்பர், எனக்கு ஒன்றுமில்லை. "வா, ஃப்ளாப்பியப் போடு" என்றேன். "கோவம் போச்சா அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே இடது கையால் பெட்டியை அணைத்தான்.

சத்தம் வரவில்லை. உடம்பு விறைத்தது, வாய் திறந்தது, கழுத்து நரம்பு கயிறு கயிறாக எழுந்தது. பேண்டேஜ் சுற்றிய விரல்கள் ஃப்ளாப்பியை நொறுக்கிவிட்டன. மயிர் பொசுங்கிய வாடை வந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு பல்லுக்கிடையில் நாக்கு மாட்டி ரத்தம் மோவாயில் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து விழுந்தான். மண்டை மேஜை முனையில் பட்ட சத்தத்தில்தான் பரிபூரணம் ஓடிவந்தாள்.

நேற்று அவனுடைய அம்மா ஏசம்மாள் கம்பெனிக்கு வந்தாள். கையில் அரைச் செங்கல். "எம்பிள்ளையத் தின்ன மெஷினு எங்கலே கெடக்கு" என்று கேட்டுக்கொண்டே போய் மானிட்டரில் போட்டாள். கண்ணாடி சிதறியது. பெட்டியையும் நசுக்கினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் பக்கத்துல இருந்தியேய்யா, எம்பிள்ள தனியாச் சாவல" என்று அழுதாள். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தப்பும் செய்யாத மெஷின், ஐயா. அதன் மேல் பழி கிடக்கக் கூடாது.

மெயின் சுவிட்ச் என் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில்தானே இருந்தது, பயமுறுத்தத்தான் என்றால் உடனே ஏன் அணைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த அறையின் சட்டத்தை நானே மீற முடியுமா? சேவ் பண்ணாத பக்கம் திரையில் இருந்தது. சேவ் கொடுத்தேன். புது ஃபைல் என்றால் அது பெயர் கேட்கும், எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். செத்த நேரம் யோசித்தேன். ராபர்ட் என்றே ஆங்கிலத்தில் அடித்தேன், ஆறு எழுத்துதான் வந்தது. சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒரு தடவை திறந்தும் பார்த்தேன். பொறவு முறைப்படி வெளியே வந்து சுவிட்சை அணைத்தேன். ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்தப் பக்கத்தில் என்ன கணக்கு இருந்தது என்றா கேட்கிறீர்கள்? கணக்கு ஒன்றும் இல்லை, ஐயா. புதுப் பக்கம். இன்னும் ஒரு எழுத்துக்கூட அடித்திருக்கவில்லை.