வெள்ளிமூக்கி ஏலம் போன ஞாயிற்றுக்கிழமை

பிளேன்டீக்கு நன்றி ஐயா. சுற்றிவரத் தேயிலை மலையாக இருக்கிற ஊரில் போலீஸ் ஸ்டேஷனுக்கு மட்டும் எங்கிருந்துதான் இந்தத் தூள் கிடைக்கிறதோ. குறையாகச் சொல்லவில்லை. சூடாக இருக்கிறது, அது போதும்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிங்களத்தில் எழுதுவீர்களாம். குதிரை என்று வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக எழுதுங்கள், சரிபுதீன் ஐயா. நேற்று நான் குதிரை ஏலம் என்றதும் பெரிய ஐயா நுவரெலியா ரேஸ் மைதானத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். அங்கிருக்கிற குதிரைகளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது போன் கேமில் இருக்கிற குதிரை. குட்டி போடும், புல் தின்னும், சாணி போடாது. நாங்கள் இருக்கிற தோட்டத்து வரிசை வீடு லயம், குதிரைகள் இருப்பது லாயம். அதற்கு எழுத்தில் ஒரு கால் கூடுதல், இடமும் கூடுதல்.

என் பெயர் ஜீவராஜ். அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத்து உச்சியில் இருக்கிற போன் டவருக்கு வாச்சர். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும், வேலிக்குள் மாடு வராமல் பார்ப்பதும் என் வேலை. மீதி நேரமெல்லாம் குதிரை வளர்த்தேன். அதில் நல்ல குதிரை வேண்டுமென்றால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். அங்கே காசு செல்லாது, லாடம்தான். நம் குதிரை ஓட ஓட லாடம் சேரும்.

ஏலத்தில் ஒரு அநியாயம் இருந்தது. பொழுதெல்லாம் ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். கடைசி செக்கனில் இன்னொருத்தர் வந்து ஒரேயொரு லாடம் கூட்டிப்போட்டுக் குதிரையைக் கொண்டுபோய்விடுவார். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள் என்று கேம் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். கண்ணடிக்கிற குதிரைப் படம் ஒன்று பதிலாக வந்தது.

அந்தக் கடைசி செக்கன் ஆள் வேறு யாருமில்லை, எங்கள் தோட்டத்து மேல் டிவிஷன் பாலர் பாடசாலை டீச்சர் நிலக்ஷி. நல்ல பிள்ளை. ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன்.

“கடைசி செக்கன்ல வந்து கேக்கிறது நியாயமா டீச்சர்?”

“ஏண்ணே, கடைசி செக்கனும் ஏலத்துக்குள்ளதானே இருக்கு?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பதில்தான், அதில் எனக்குக் கோபமே இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். விதியைக் கம்பெனி மாற்றாது. ஆனால் கடைசி செக்கன் என் கையில்தான் இருக்கிறது. மேல் டிவிஷன் போன்கள் முழுவதும் பிடிப்பது என் டவரைத்தான். என் சொந்தப் போனில் வேறு கம்பெனி சிம். வேலி மூலையில் நின்றால் எதிர்மலையிலிருந்து எனக்கு சிக்னல் வரும்.

அந்த ஞாயிறு சாயந்தரம் வெள்ளிமூக்கி ஏலத்துக்கு வந்தது. சாம்பல் நிறப் பெண்குதிரை, மூக்கு மட்டும் வெள்ளை. அப்படி ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கினேன். டவர் கம்பெனிக்காரர்களிடம் ஜெனரேட்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொன்னேன். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. டவரை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் நிலக்ஷி மலையேறி ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு குதிரைக்காக இப்படியா ஓடி வருவாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, சிக்னல் இல்ல. அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது. அம்புலன்ஸுக்கு ஒரு கோல் எடுக்கணும்ணே.”

அவள் அப்பா பழனியாண்டியை எனக்கு நன்றாகத் தெரியும். விறகுக்குப் போகும்போதெல்லாம் வேலியருகில் நிற்பார். “என்ன பூசாரி, கோபுரத்துக்கு எப்ப கும்பாபிஷேகம்?” என்பார். முதல் நாள்கூட அப்படிக் கேட்டுவிட்டு, தலையில் ஒரு கட்டு விறகோடு விசிலடித்துக்கொண்டு போனார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நெஞ்சு வலி என்றால் யார் நம்புவார்? கடைசி செக்கனில் வந்து பறிக்கிற பிள்ளை எதையும் சொல்லும் என்று தோன்றியது. நியாயமான சந்தேகம்தானே ஐயா.

“லைன் ரிப்பேர் டீச்சர். இப்ப வந்துரும்.”

“உங்க போனயாவது குடுங்கண்ணே.”

“சார்ஜ் இல்லம்மா.”

அவள் என் கையைப் பார்த்தாள். போன் வெளிச்சமாகத்தான் இருந்தது. வெள்ளிமூக்கி அதில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கி ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள் என்று நினைக்கிறேன். நான் ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிமூக்கி எனக்குத்தான் விழுந்தது. அதன் பிறகு சுவிட்சை ஏற்றினேன். வேண்டுமென்று தாமதிக்கவில்லை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். புதுக்குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டாவிட்டால் அதற்குத் தெம்பு குறைந்துவிடும். அதை மட்டும் முடித்துவிட்டு ஏற்றினேன்.

அதற்குள் அவரைத் தோட்டத்து லொறியில் கிடத்திக் கொண்டு போயிருந்தார்கள். தேயிலை ஏற்றுகிற லொறி, மலைப்பாதை. பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று சொன்னாராம். டொக்டர்மார் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

சாவு வீட்டுக்குப் போனேன். பந்தல் போட நான்தான் மூங்கில் வெட்டிக் கொடுத்தேன். நிலக்ஷி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். துக்கத்தில் இருக்கிறவள் அப்படித்தான் இருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெள்ளிமூக்கியை அவளுக்கே அன்பளிப்பாக அனுப்பிவைத்தேன். அவ்வளவு பாடுபட்டு எடுத்த குதிரையை எவன் கொடுப்பான்? அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காவிட்டால் சில நாளில் குதிரை அனுப்பியவருக்கே திரும்பி வந்துவிடும். வந்துவிட்டது.

டவரை நிறுத்தியது நான்தான். போன் இருந்தும் கொடுக்காததும் நான்தான். மறைக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். பழனியாண்டிக்கு நடந்தது துக்கம்தான். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து டீச்சர் ஏலத்துக்கு வருவதில்லை. எந்தக் குதிரையைக் கேட்டாலும் கேட்ட லாடத்துக்கே எனக்கு விழுகிறது, குறுக்கே ஒரு ஆள் கிடையாது. இப்போதுதான் ஐயா, ஏலம் நியாயமாக நடக்கிறது.