சிமினிக் கரி

தலைமன்னாரிலிருந்து மன்னாருக்கு வந்த பஸ்சில் எனக்கு முன்னால் வயதான இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் வெறும் மண்ணெண்ணெய்க் கான். யன்னலுக்கு வெளியே கரையோரம் முழுக்கக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன.

“எங்கட காத்தில கொழும்பிலயும் லைட் எரியுதாம். நீ இன்னும் மண்ணெண்ணெய்க்கு அலையிறாய், பிலோமினா.”

“லாம்புக்கடி. பொழுதுபடக் கொளுத்தி முத்தத்துப் பனையில தூக்க வேணும்.”

“இப்ப காத்தாடியின்ர சிவப்பு வெளிச்சத்தைப் பாத்துத்தானே எல்லாரும் கரைக்கு வருகினம்?”

“அது எல்லாருக்கும் ஒரே வெளிச்சம். கரண்ட் இல்லாத காலத்தில வீட்டுக்கு வீடு லாம்பெல்லோ தூக்கினனாங்கள். எங்கட சிமினியில ஒரு பக்கம் கரி. மங்கலா எரியிறதுதான் எங்கட வீடெண்டு இவர் நேர வந்து கரையில ஏறுவார். நான் துடைக்க வெளிக்கிட்டால் ஏசுவார்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மற்றவள் சிரிக்கவில்லை.

“கடலுக்குப் போன மனுசன் திரும்பி வராமல் எத்தினை வருசமாச்சு. இனியாவது அந்தச் சிமினியைத் துடையன்.”

பிலோமினா கானை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

“துடைச்சால் அவருக்கு வீடு தெரியாதெல்லோ.”